தீர்மானப் புத்தகம் யார் கையில்?

“பஞ்சாயத்தில் அரசியல் எதற்கு? குழாய் ஒழுகினால் சரி செய்ய வேண்டும். விளக்கு எரியாவிட்டால் பல்பு மாட்ட வேண்டும். சாக்கடை தேங்கினால் வாரிக் கொட்ட வேண்டும். இதற்குப் போய்க் கொடி எதற்கு? கோஷம் எதற்கு?”

ஊர்ப் பெரிய மனிதர்கள் இப்படிப் பேசுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பேச்சு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரசியல் வேண்டாம் என்று நமக்கு உபதேசம் செய்யும் கனவான், தான் மட்டும் அந்தப் பதவியை விட்டு இறங்குவதில்லை. அப்பனுக்குப் பிறகு மகன். பெண்களுக்கு ஒதுக்கினால் மருமகள். மருமகள் பெயரில் மீண்டும் மாமனார்! பல்பு மாட்டுவதில் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு ஆசையா?

இல்லை. குழாயும் விளக்கும் சாக்கடையும் சின்ன விஷயங்கள் அல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நமக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர்? எந்த வீட்டுக்கு எவ்வளவு வரி? எந்த வேலை, எந்தக் கண்டிராக்டருக்கு? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதப்படும் இடம் ஒன்று உண்டு. அதுதான் பஞ்சாயத்தின் தீர்மானப் புத்தகம். அந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ, ஊர் அவர் கையில். இது அரசியல் இல்லை என்றால் வேறு எதுதான் அரசியல்?

வால்வைத் திருப்பும் கை

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். மேல்நிலைத் தொட்டி ஊருக்குப் பொதுவானது. அதில் ஏறும் தண்ணீர் பொதுவானது. மோட்டார் ஓடுவதற்கான மின்சாரக் கட்டணம் பஞ்சாயத்து நிதியிலிருந்து போகிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துகளில் குடிநீர், மின்சாரக் கட்டணங்களுக்கென்றே இரண்டாம் எண் கணக்கு தனியாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் பணமும் இருக்கிறது. பண்ணையார் பணமும் இருக்கிறது.

ஆனால் வால்வு திரும்பும்போது பொது என்பது எங்கே போகிறது? பெரிய தெருவில் குழாய் பொங்கி வாசலில் ஓடும். அதே நேரத்தில் காலனிப் பெண்கள் காலிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நாற்று நடப் போக வேண்டிய நேரம் தவறி நிற்பார்கள். நேரம் தவறினால் அரைக்கூலி. ஆக, தண்ணீர் பங்கீட்டில் செய்யும் அநியாயம் கூலிக் குறைப்பாகவே நம் தலையில் விழுகிறது. மில்லில் இரவு ஷிப்டு முடித்து வரும் தொழிலாளிக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை என்றால், அவன் மனைவி பாதித் தூக்கத்தில் எழுந்து குழாயடிக்கு ஓட வேண்டும். இது யாருடைய உழைப்பு? எந்தக் கணக்கில் இது ஏறுகிறது?

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் வீட்டுக் குழாயில் வர வேண்டும் என்று சொன்னது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? குழாய் பதித்ததைக் கணக்குக் காட்டுவது சுலபம். எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் விட்டார்கள் என்று எழுதி, பஞ்சாயத்து வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். அப்போது தெரியும் சங்கதி!

இதில் டேங்க் ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. அவரும் நம்மைப் போலச் சொற்பக் கூலிக்கு மாரடிக்கும் உழைப்பாளிதான். அவர் கை வால்வைத் திருப்புகிறது. அந்தக் கையைத் திருப்புகிறவர் வேறு. “மேட்டுத் தெருவுக்கு முதலில் விடு” என்று வாய்மொழியாக உத்தரவு போடுகிறவர் எந்தப் புத்தகத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆகவேதான் சொல்கிறோம்: தண்ணீர் விடும் முறை தீர்மானமாக எழுதப்பட வேண்டும். வாய்மொழி உத்தரவு என்பது பெரிய மனிதனின் ஆயுதம். எழுத்தில் உள்ள உத்தரவு, அதைப் படிக்கத் தெரிந்த உழைப்பாளியின் ஆயுதம்.

கூரைக்கு வரி, மாடிக்குச் சலாம்

அடுத்தது வரி. “வரி கட்டாமல் வசதி மட்டும் கேட்கிறார்கள்” என்று நம்மைப் பார்த்துப் பழி சொல்வது இவர்களுக்கு வாடிக்கை. சரி, வரிக் கணக்கையே பார்ப்போம்.

வீட்டு வரி கேட்புப் பதிவேடு என்று ஒரு புத்தகம் இருக்கிறது. யார் வீடு, எவ்வளவு பரப்பு, எவ்வளவு வரி, எவ்வளவு பாக்கி என்று அதில் இருக்கும். அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஓட்டு வீடு மாடி வீடாகி, மாடி மேல் மாடியும் எழும்பியிருக்கும்; பதிவேட்டில் மட்டும் இன்னும் ஓடு மாற்றப்படாமல் இருக்கும்! கல்யாண மண்டபம் வீடு என்று எழுதப்பட்டிருக்கும். கோழிப் பண்ணையும் குடோனும் பதிவேட்டுக்கே வந்திருக்காது. கூரை வீட்டுக்காரன் பாக்கி வைத்தால் குழாய் இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டல் வரும். மாடி வீட்டுக்காரர் வருடக் கணக்கில் பாக்கி வைத்தால் பில் கலெக்டர் சலாம் போட்டுவிட்டுத் திரும்புவார்.

தொழில் வரியைப் பாருங்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கங்களில் எத்தனையோ நூற்பாலைகள் பஞ்சாயத்து எல்லைக்குள்தான் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களின் சம்பளத்தில் அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரி பிடிக்கிறார்கள். பிடித்த பணம் பஞ்சாயத்துக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்க வேண்டியவர் யார்? அந்த மில் தொழிலாளிதான்!

இந்த வரியின் லட்சணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு, தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வரம்பு கட்டியது. அதாவது, அந்த வரம்பை எட்டிவிட்ட ஒரு குமாஸ்தாவும், கோடிகளில் புரளும் ஆலை முதலாளியும் தலைக்கு ஒரே தொகை கட்டினால் போதும். 1988-க்குப் பிறகு முதலாளியின் லாபம் எத்தனை மடங்கு பெருகியது! அரிசி விலை எத்தனை மடங்கு ஏறியது! முதலாளியின் தொழில் வரி உச்சவரம்பு மட்டும் அசையாமல் நின்றது. கஜானா காலி என்று பஞ்சாயத்துத் தலைவர் கையை விரிக்கும்போது இந்தக் கதையையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் கையெழுத்து நோட்டு

“கேட்க வேண்டியதுதான். எங்கே கேட்பது?” என்று தோழர்கள் கேட்கலாம். கேட்பதற்கு ஒரு சபை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அதற்குப் பெயர் கிராம சபை.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கிராமத் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தர வேண்டியது இந்தச் சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள் நடந்து வந்தன. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரு நாட்களையும் சேர்த்து ஆறாக்கினார்கள். மே தினத்தன்று கிராம சபை! எட்டு மணி நேர வேலைக்காக ரத்தம் சிந்திய தொழிலாளர்களின் நாளில், ஊர்க் கணக்கைக் கேட்கும் உரிமை நமக்குச் சட்டப்படியே இருக்கிறது. ஆனால் எத்தனை பேர் போகிறோம்?

நாம் போகாததால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தபட்ச வருகை வேண்டும். 500 வரை ஜனத்தொகை உள்ள ஊரில் 50 பேர். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். அத்தனை பேர் வந்து உட்கார்ந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கூட்டம் அரைமணி நேரத்தில் முடியும். மறுநாள் கையெழுத்து நோட்டு வீடு வீடாக வரும். “ஒன்றுமில்லை அக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்கள், ரேஷன் விஷயம்” என்பார்கள். நாமும் போட்டுவிடுகிறோம். கைநாட்டும் வைத்துவிடுகிறோம்.

எதற்குப் போட்டோம்? வராத கூட்டத்துக்கு வந்ததாகப் போட்டோம். படிக்காத வரவு செலவைப் படித்துக் கேட்டு அங்கீகரித்ததாகப் போட்டோம். போடாத ரோட்டைப் போட்டதாகப் போட்டோம்! நாளைக்குத் தணிக்கை அதிகாரி வந்தால், “கிராம சபையே ஒப்புக்கொண்டதே” என்று நம் கைநாட்டையே நமக்கு எதிரான சாட்சியாக எடுத்துக் காட்டுவார்கள். வேலி பயிரை மேய்கிறது. மேய்ந்ததற்குப் பயிரிடமே ரசீதும் வாங்கிக்கொள்கிறது!

தீர்மானப் புத்தகத்தில் இன்னொரு தந்திரமும் உண்டு. தீர்மானங்களுக்குக் கீழே கோடு போட்டு மூடாமல் இடம் விட்டு வைப்பார்கள். கூட்டம் கலைந்த பிறகு அந்த வெற்றிடத்தில் புதுத் தீர்மானம் முளைக்கும். பழைய மோட்டார் ஏலம், புறம்போக்கில் நின்ற மரம் ஏலம், குளத்து மீன் குத்தகை எல்லாம் இப்படி முளைத்தவையாக இருக்கலாம். ஆகவே கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு போட்டு, எத்தனை தீர்மானங்கள் என்று எண்ணி எழுதிய பிறகுதான் கையெழுத்து. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மில்லில் தேதி போடாத வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கும் மானேஜரை நாம் பார்த்ததில்லையா? அதே வித்தைதான் இது.

உத்திரமேரூர்ப் பெருமை

கணக்குக் கேட்டால் சிலர் உடனே சரித்திரத்துக்குள் ஓடி ஒளிகிறார்கள். “ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை கண்ட தமிழ் மண் இது” என்று மேடையில் முழங்குகிறார்கள். பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் கல்வெட்டை முழுவதும் படிப்போம்.

பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டு அது. குடத்தில் ஓலையாக விழுவதற்கு என்ன தகுதி? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேத சாஸ்திரப் பயிற்சியும் வேண்டும். அந்த நிலத்தை உழுதவன் பெயர் குடத்தில் விழுந்ததா? ஏரியைத் தூர் வாரியவன் ஏரி வாரியத்தில் உட்கார்ந்தானா? இல்லை! நிலம் உடையவர்களுக்குள் நடந்த ஜனநாயகம் அது.

ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது! குடவோலைப் பெருமை பேசும் கனவான்கள் இந்த வரியை மட்டும் ஏன் விழுங்கிவிடுகிறார்கள்? அதை இன்று அமுல்படுத்தினால் எத்தனை குடும்பங்கள் பதவி ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியிருக்கும்!

“ஊர் ஒற்றுமை” என்னும் ஏலம்

தேர்தல் வரும்போது இன்னொரு ராகம் பாடுவார்கள். “ஊருக்குள் சண்டை எதற்கு? ஒற்றுமையாக ஒருவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுப்போம்.” 2019 டிசம்பர் தேர்தலின்போது தலைவர் பதவியைப் பகிரங்கமாக ஏலம் விட்ட செய்திகள் வந்தன. அதிகப் பணம் கேட்டவருக்குப் பதவி. பணம் கோயில் திருப்பணிக்காம்! லட்சக்கணக்கில் கொடுத்துப் பதவி வாங்குகிறவன் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பான்? சாக்கடை சிமெண்டிலிருந்து எடுப்பான். தெரு விளக்கிலிருந்து எடுப்பான். நம் குடத்திலிருந்து எடுப்பான்.

இந்த ஒற்றுமை யாருக்கு எதிரானது என்பதை மதுரைச் சீமை நமக்குக் காட்டியது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு பஞ்சாயத்துகளும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே ஒரு தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. 2006-ல்தான் அந்த முட்டுக்கட்டை உடைந்தது. மேலவளவில் துணிந்து நின்று வென்றார் முருகேசன். 1997 ஜூன் 30-ம் நாள் பஸ்ஸை மறித்து அவரையும் அவருடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பல்பு மாட்டும் உத்தியோகத்துக்காகவா இந்தக் கொலை? தீர்மானப் புத்தகம் கூலிக்காரன் கைக்குப் போய்விட்டதே என்ற ஆத்திரம் அது!

அந்தக் காலம் போய்விட்டது என்பார்கள். 2020 ஆகஸ்ட் 15-ல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவியாக இருந்த தாழ்த்தப்பட்ட பெண்ணைக் கொடியேற்ற விடவில்லை. ஐந்து நாள் கழித்துக் கலெக்டர் வந்து நின்ற பிறகே அவர் ஏற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில், தலைவி தரையில்!

நாற்காலி கிடைத்தாலும் வேறொரு பூட்டு காத்திருக்கிறது. பஞ்சாயத்துச் செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது 1994 சட்டத்தின் ஏற்பாடு. பணத்தைத் தனி ஒருவர் சுருட்டாமல் தடுக்க வந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. பண்ணை வீட்டுப் பிள்ளை துணைத் தலைவராகிப் பேனாவை மூடி வைத்துக்கொண்டால் துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் நின்றுவிடும். மோட்டார் ரிப்பேர் நின்றுவிடும். பிறகு, “இவளுக்கு நிர்வாகம் தெரியவில்லை” என்று அவனே ஊரெங்கும் சொல்லுவான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பது இதுதான்!

தேர்தலே இல்லை என்றால்?

பெரிய மனிதர்கள் மட்டுமா குற்றவாளிகள்? கோட்டையில் இருந்த சர்க்கார்களையும் கேட்க வேண்டும்.

1970-ல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்போது? 1986-ல்! அதன் பதவிக்காலம் 1991-ல் முடிந்தது. மறு தேர்தல் 1996-ல். இடையில் 1993 ஏப்ரல் 24-ல் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் அமுலுக்கு வந்தது. ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்று 243-ஈ பிரிவு கட்டளையிட்டது. கட்டளைக்குக் கிடைத்த மரியாதை என்ன? 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பில் விதிமீறல் இருப்பதாகச் சொல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பர் வரை இழுத்தது. அப்போதும் 27 மாவட்டங்களுக்குத்தான். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் நடந்தது. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. முடிந்த கையோடு தேர்தலா வந்தது? தனி அலுவலர்கள் வந்தார்கள்!

கட்சிகள் மாறின, முதல்வர்கள் மாறினார்கள், பழக்கம் மாறவில்லை.

தனி அலுவலர் ஆட்சி என்றால் என்ன? தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பஞ்சாயத்துகள், ஒன்றியங்கள் 388. சராசரி பார்த்தால் ஒன்றியத்துக்கு முப்பதுக்கு மேல். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் முப்பது ஊர்களின் தீர்மானப் புத்தகங்களையும் தம் மேஜையில் அடுக்கி வைத்துக்கொண்டு, தாமே தீர்மானம் போட்டு, தாமே நிறைவேற்றி, தாமே கையெழுத்திடுவார். நல்ல அதிகாரியே இருக்கட்டும். நம் தெருக் குழாயின் வாஷர் தேய்ந்தது அவருக்கு எப்படித் தெரியும்? கண்டிராக்டருக்கு மட்டும் அவர் அலுவலகத்துக்கு வழி தெரியும்!

பண நஷ்டமும் நமக்குத்தான். 2016-க்குப் பிந்திய ஆண்டுகளில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி நிதிக் குழு மானியத்தை டில்லி நிறுத்தி வைத்தது. கோட்டை தேர்தல் நடத்தவில்லை. டில்லி பணம் தரவில்லை. காலனித் தெருவில் சாக்கடை நின்றது. தண்டனை மூன்றாவது ஆளுக்கு!

தேர்தலைத் தள்ளிப்போடுவது ஒரு விதம். அதிகாரத்தைக் கொடுக்காமல் பெயரை மட்டும் கொடுப்பது இன்னொரு விதம். 73-வது திருத்தத்தின் பதினோராவது அட்டவணை, சிறு பாசனம் முதல் பொது விநியோகம் வரை 29 விஷயங்களைப் பஞ்சாயத்துக்கு உரியவை என்று வரிசைப்படுத்தியது. கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, வார்டு தோறும் ஜனங்களைக் கூட்டித் திட்டம் போடச் சொன்னார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? இங்கே 1994 சட்டத்தின் 205-வது பிரிவு, ஜனங்கள் ஓட்டுப் போட்டு நிறுத்திய தலைவரை நீக்கும் அதிகாரத்தைக் கலெக்டரிடம் கொடுத்து வைத்திருக்கிறது. ஓட்டு நம்முடையது, கடிவாளம் கலெக்டருடையது!

நாம் செய்ய வேண்டியது

குறை சொல்லி நிறுத்திவிட நாம் இதை எழுதவில்லை. நாளைக்கே தொடங்கக் கூடிய வேலை இருக்கிறது. இதற்குக் காசு வேண்டாம், சிபாரிசு வேண்டாம்.

ஒன்று: வீட்டுக்கு வரும் நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்து வேண்டுமென்றால் சபை கூடட்டும். விவசாயத் தொழிலாளிகள் கூலி நாள் பார்த்து, மில் தொழிலாளிகள் ஷிப்டு பார்த்து, முன்கூட்டியே பேசி வைத்துக் கும்பலாகப் போவோம். தனியாகப் போகிறவனை அதட்டுவார்கள். ஐம்பது பேரை அதட்ட முடியாது. பெண்கள் முன் வரிசையில் உட்காரட்டும். தண்ணீர்க் கணக்கு அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டு: பேச்சை விட்டுக் கணக்கைக் கேட்போம். சென்ற ஆண்டு எத்தனை பல்பு வாங்கினார்கள்? இருப்புப் பதிவேட்டில் எத்தனை? கம்பத்தில் எத்தனை? மோட்டார் எத்தனை முறை ரிப்பேர் ஆனது? வவுச்சர் எங்கே? ரோட்டின் நீளமும் கனமும் அளவுப் புத்தகத்தில் எவ்வளவு? ஒரு கயிறும் கடப்பாரையும் போதும், அளந்து பார்த்துவிடலாம். பெரிய வரிப் பாக்கிதாரர்கள் பத்துப் பேரின் பட்டியலைச் சபையில் படிக்கச் சொல்லுவோம்.

மூன்று: காட்ட மறுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். நகல் கேட்பது மட்டுமல்ல, பதிவேட்டை நேரில் பார்வையிடும் உரிமையும் அந்தச் சட்டத்தில் உண்டு. நம் வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு மனு எழுதுவோம்.

நான்கு: ஒதுக்கீட்டில் வந்த தலைவரைத் தனியே விடாதீர்கள். துணைத் தலைவர் பேனாவை மூடினால் ஊர் கூடி ஏன் என்று கேட்க வேண்டும். நம்மவர் தலைவராக இருந்தாலும் அவரிடமும் இதே கணக்கைக் கேட்போம். கணக்குக் கேட்பது விரோதம் அல்ல. நேர்மையான தலைவருக்கு அதுதான் கவசம்.

ஐந்து: தேர்தல் தள்ளிப் போனால் அது அதிகாரிகள் விவகாரம் என்று சும்மா இருக்கக் கூடாது. கூலி உயர்வுக்குக் குரல் கொடுப்பது போலவே பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் குரல் கொடுப்போம். சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போடுவோம்.

உழைப்பாளி மக்களே! மில்லில் சம்பளச் சீட்டை ஒரு பைசா விடாமல் பார்க்கிறோம். களத்தில் கூலி நெல்லைப் படி குறையாமல் அளந்து வாங்குகிறோம். ஊர்ப் பணத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்? அதுவும் நம் கூலியிலிருந்து போன பணம்தான்.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது நாம். சாக்கடை அள்ளுவது நாம். ரோட்டுக்குக் கல் உடைப்பது நாம். வரி கட்டுவது நாம். தீர்மானம் எழுதுவது மட்டும் வேறொருவரா?

அடுத்த கிராம சபைக்கு அணி திரண்டு செல்வோம்!

புத்தகத்தைத் திறக்கச் சொல்லுவோம்!

படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து!